பெடிங் செய்த ரைஃபிள்: குரூப் எவ்வளவு சுருங்கியது என்று மட்டும் கேட்காதீர்கள்

நண்பன் ஒருவன் இலக்குப் போட்டிக்கென்று ரைஃபிள் கட்டுகிறான். ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி), பாரல், ட்ரிகர் எல்லாம் முடிவாகி, அதைத் தாங்கும் கட்டையாக ஆசைப்பட்ட வால்நட் மர ஸ்டாக்கும் கைக்கு வந்துவிட்டது. இப்போது அவனுக்கு ஒரே சந்தேகம்: "பெடிங் போட்டால் குரூப் எவ்வளவு சுருங்கும்?" பெடிங் என்றால் ஆக்‌ஷன் ஸ்டாக்கில் அசையாமல் உட்கார, அது அமரும் இடத்தில் எபாக்சிப் பசை ஊற்றி அச்சு வார்ப்பது. குரூப் என்றால் அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் இலக்கில் விழும் பரப்பு. என் ரைஃபிளும் அதே மாதிரிதான். ரெமிங்டன் 700 பாணி ஆக்‌ஷன், .308 தோட்டா, கனமான பாரல், வால்நட் ஸ்டாக். பல வருஷமாக ஓட்டுகிறேன், இரண்டு தடவை பெடிங் செய்தாகிவிட்டது. அந்த இரண்டாவது தடவை ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னாலே அவன் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

முதல் பெடிங் போட்டு வந்தபோது ரைஃபிள் நன்றாகத்தான் சுட்டது. நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு அங்குலத்துக்குள், அதாவது துல்லியத்தை அளக்கும் கோணக் கணக்கில் ஒரு எம்.ஓ.ஏ.வுக்குள் விழுந்தன. யார் குறை சொல்வார்கள்? ஆனால் சுத்தம் செய்ய ஸ்டாக்கைக் கழற்றி மாட்டினால், அடுத்த குரூப் அதே இறுக்கத்தோடு வேறு இடத்தில் போய் உட்காரும். மழைக்காலம் வந்தால் இன்னும் மோசம். பழி முதலில் ஸ்கோப் மேல் விழுந்தது. அப்புறம் மவுண்ட், அப்புறம் தோட்டா. பாரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் காகிதத் துண்டு தடங்கல் இல்லாமல் ஓடியதால், பெடிங்கை யாரும் சந்தேகிக்கவே இல்லை. காகிதம் ஓடினால் பாரல் தொடாமல் நிற்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஆக்‌ஷன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காகிதம் சொல்லாது.

அதைச் சொன்னது டயல் இண்டிகேட்டர் என்ற, நூலளவு அசைவையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி. வேறொரு கைவினைஞர் அதை பாரலில் பொருத்தி, முனையை ஸ்டாக்கின் முன்பகுதியில் தொடவைத்து, ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் இரண்டு ஸ்க்ரூக்களில் பின்னதை இறுக்கமாகவே விட்டுவிட்டு முன்னதை மட்டும் மெல்லத் தளர்த்தினார். 0.002 அங்குலத்துக்குள் அசைந்தால் நல்ல பெடிங் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. என் ரைஃபிளில் முள் 0.010 அங்குலத்தைத் தாண்டி ஓடியது. ஸ்க்ரூவை இறுக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷனின் உடலான ரிசீவர் வளைந்துகொண்டிருந்திருக்கிறது. நாற்காலியின் ஒரு கால் நீளமாக இருந்தால், நாம் உட்காரும்போது சட்டம்தானே முறுக்கிக்கொள்ளும்? இங்கே அந்த நீளமான கால், அடியில் நீட்டிக்கொண்டு நின்று உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் ரீகாயில் லக்கின் அடிப்பக்கம்.

முதலில் வேலை செய்தவர் லக்கின் முன்பக்கம், இரு ஓரம், அடி என்று எங்கேயும் இடைவெளி விடவில்லை. எல்லாப் பக்கமும் எபாக்சி கவ்வியிருந்தது. லக்கின் பின்முகம் மட்டும்தான் முழுசாக ஸ்டாக்கில் ஒட்டி நிற்க வேண்டும், சுடும்போது வரும் உதைப்பை வாங்குவது அதுதான். மற்ற பக்கங்களில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு எபாக்சி ஊற்றி, இறுகியதும் டேப்பை உரித்தால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். அவ்வளவு சின்ன வேலை. ஸ்க்ரூவைச் சுற்றி மரம் நசுங்காமல் தாங்கும் உலோகக் குழாயான பில்லரும் கிடையாது. வெறும் மரத்தை ஸ்க்ரூ நசுக்கிக்கொண்டே போக, ஈரம் ஏறும்போது ஒரு இறுக்கம், காயும்போது வேறு இறுக்கம். காசை முழுசாக வாங்கிக்கொண்டவர் டேப்பில் சிக்கனம் பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. சரி, நியாயமாகச் சொன்னால் மனிதர் ஸ்டாக்கின் வெளிப்பக்கத்தை அருமையாக மெருகேற்றித் தந்தார். கீறல்கூட இல்லை.

இரண்டாமவர் பழையதைச் சுரண்டி எடுத்து, அலுமினியப் பில்லர் வைத்து, எஃகுத் தூள் கலந்த எபாக்சியில் மறுபடி பெடிங் செய்தார். எபாக்சி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஓட்டைகளில் களிமண், ஆக்‌ஷன் முழுக்க மெழுகுப் பூச்சு. எபாக்சி இறுகும்வரை ஸ்க்ரூவை முறுக்கவில்லை. ஆக்‌ஷன் தன் எடையில் சாவதானமாக அமரட்டும் என்று விட்டுவிட்டார். இப்போது முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 65 இன்ச் பவுண்டு வைத்து இறுக்குகிறேன். டயல் முள் அசைகிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டினாலும் முதல் குண்டு போக வேண்டிய இடத்துக்கே போகிறது. மழையோ வெயிலோ ஸ்கோப் திருகைத் தொடுவதில்லை. இந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

குரூப்? முன்பு இருந்த அதே அளவுதான். பெடிங் நல்ல பாரலை இன்னும் நல்ல பாரலாக்காது.

இதற்குப் பிறகும் ஒரு எரிச்சல் பாக்கி இருக்கிறது. இந்த வகை ஆக்‌ஷனில் லக் தனித் தகடு, பாரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் சிக்கி நிற்கிறது. தேய்ந்த பாரலை மாற்றும்போது அது இம்மி திரும்பினாலும், அச்சுப் பிசகாமல் வார்த்த பெடிங்கில் உட்காராது. மறுபடி சுரண்டல், மறுபடி எபாக்சி. பாரல் எப்படியும் தேயும் சாமான். லக் திரும்பாமலிருக்கச் சின்னதாக ஒரு ‘பின்’ (உலோக ஊசி) அடித்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் அதைக் கட்டும்போதே யாரும் சொல்வதில்லை.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: பேசாமல் மர ஸ்டாக்குக்குப் பதில் அலுமினிய சேசிஸ் வாங்கு. V வடிவப் பள்ளத்தில் ஆக்‌ஷனை வைத்து இறுக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. நான் மாறுவேனா என்றால், மாட்டேன். குளிர்ந்த அலுமினியத்தில் கன்னத்தை வைக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவனும் வால்நட்டை விடமாட்டான் என்று தெரியும். அப்படியானால் பில்லர் உண்டா, லக்கைத் திரும்பாமல் நிறுத்தும் ‘பின்’ உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் டயல் இண்டிகேட்டரை மாட்டி, முன் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.