யு.வி. கருவிக்கு சர்வீஸ் ஆள் வருகிறாரா? கிரேட்டிங் பத்திரம்!

ஆய்வகத்தில் யு.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு.

வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தப்படி எங்களுக்கு வந்த இன்ஜினியர், கருவிக்குப் புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கை மாற்றினார். அதோடு போயிருக்கலாம். வேண்டிய அலைநீள ஒளியை மட்டும் பிரித்து அனுப்பும் மோனோகுரோமேட்டரின் மூடியையும் கழற்றி, "உள்ளே ஒரே தூசி சார்" என்றபடி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அதிலுள்ள கிரேட்டிங்கை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட தகட்டை, துடைத்துவிட்டார். நான் தடுக்க எழுவதற்குள் இரண்டு இழுப்பு முடிந்துவிட்டது. "கண்ணாடிதானே சார், பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க" என்று சிரிப்பு வேறு.

அது வெறும் கண்ணாடியா? கண்ணாடி மேல் எபாக்ஸி பிசின், அதில் அச்செடுத்த நுண்பள்ளங்கள், அவற்றின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் என்றால் கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.83 மைக்ரோமீட்டர்தான். இதில் பஞ்சு பட்டால் என்ன மிஞ்சும்? டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். வானவில் நிறங்களுக்கு நடுவே சாம்பலாக இரண்டு பட்டைகள், பஞ்சு போன தடத்திலேயே.

சிதறொளிச் சோதனையில், அதாவது வேண்டாத அலைநீள ஒளி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதில், குட்டு உடைந்தது. லிட்டருக்கு 12 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைசல் 198 நானோமீட்டரில் 2-க்கு மேல் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) காட்ட வேண்டும்; வேண்டாத ஒளி கசிந்தால் இந்த எண் குறையும். எங்களுடையது 1.6-லேயே நின்றுவிட்டது, அதுவும் புது விளக்கு போட்ட பிறகு! நிறுவனத்தைக் கேட்டால், "கிரேட்டிங் ஒப்பந்தத்தில் வராது, நாளாவட்டத்தில் தேய்ந்திருக்கும்" என்று புதியதற்கு கொட்டேஷன் அனுப்புகிறார்கள். தேய்வதற்கு அது என்ன செருப்பா? போன மாத அளவீட்டுப் பதிவில் அதே சோதனை தேறியிருக்கிறது. அதை இணைத்து அனுப்பியும் பதில் இல்லை.

கொஞ்சம் தூசி இருந்தால் ஒளி சற்றே சிதறும், அவ்வளவுதான், விட்டுவிடலாம். ரொம்ப அவசியமென்றால் ரப்பர் பல்பாலோ சுத்தமான உலர் நைட்ரஜனாலோ மெதுவாக ஊதலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசி ஊதும் டப்பா ஸ்பிரேயைச் சாய்த்துப் பிடித்தால் உந்துவாயு திரவமாகவே வந்து விழும். விரல்ரேகை பட்டிருந்தாலும் நீங்களே துடைக்காதீர்கள், தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

அப்புறம், சிதறொளிச் சோதனையை இன்ஜினியர் கருவியைத் தொடும் முன்பும் பின்பும் அவர் எதிரிலேயே செய்து, இரண்டு எண்களையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மோனோகுரோமேட்டரைத் திறக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதித் தரட்டும்.