'கெஸ்டிஸ் வெர்பிஸ்க்வே': திருவருட்சாதனச் சொற்கள் பற்றிய வத்திக்கான் குறிப்பு – ஒரு மதிப்புரை

திருமுழுக்கின்போது குருவானவர் ஒரு சொல்லைக் குழறிவிட்டால் அது செல்லுமா என்ற கவலையோடு, வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 'கெஸ்டிஸ் வெர்பிஸ்க்வே' ('செயல்களாலும் சொற்களாலும்') என்ற இந்தக் குறிப்பை நாடுபவர்களுக்குப் பாதி விடைதான் கிடைக்கும். கர்தினால் விக்டர் மனுவேல் ஃபெர்னாண்டஸ் கையெழுத்திட, திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளித்த இந்தச் சிறிய ஆவணம் வத்திக்கான் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; ஒரே அமர்வில் வாசித்துவிடலாம்.

குறிப்பின் வலிமை, திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனங்களின் சொற்களை மனம்போல் மாற்றுவதற்கு எதிரான அதன் உறுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குருவானவர் 'நான் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பதற்குப் பதிலாகப் பல ஆண்டுகள் 'நாங்கள் அளிக்கிறோம்' என்று சொல்லிவந்ததால், ஆயிரக்கணக்கானோர் பெற்ற திருமுழுக்கு செல்லாது என்று 2022-இல் தெரியவந்தது. டெட்ராய்ட் மறைமாவட்டக் குரு ஒருவர், தம் திருமுழுக்கின் காணொளியில் இதே பிழையைக் கேட்டு, திருமுழுக்கு செல்லாவிட்டால் பிறகு பெற்றவையும் செல்லாது என்பதால், 2020-இல் மீண்டும் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் மூன்றையும் பெற வேண்டியதாயிற்று. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, அவர் பெயரால் பேசும் பணியாளர் கூடியிருக்கும் குடும்பத்தின் சார்பாளராகத் தம்மை ஆக்கிக்கொள்ள முடியாது என்பதுதான் இத்தனை கண்டிப்புக்கும் காரணம். செல்லாமல் போகாத சிறு மாற்றத்தையும், வேண்டுமென்றே செய்தால் தண்டனைக்குரிய குற்றமாகவே குறிப்பு கருதுகிறது. அது நியாயமே, ஏனெனில் குருவின் விருப்பத்துக்கான விலையை இறைமக்கள்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் பங்குகளில் நாள்தோறும் நேர்வது நாக்குப் பிறழ்வு. முதிர்ந்த குருவானவர் ஓர் அசையை விழுங்குகிறார். வேற்றுமொழிக்காரர் விகுதியைத் தவறவிடுகிறார். இதற்கான ஆறுதலைத் தனியாக எடுத்துச் சொல்லாதது இந்த ஆவணத்தின் பெருங்குறை என்பது என் கருத்து, ஏனெனில் திருச்சபையிடம் அந்த விடை 8-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பவேரியாவில் இலத்தீன் சரியாகத் தெரியாத ஒரு குரு, 'தந்தை, மகன் பெயராலே' என்று பொருள்படும் 'இன் நோமினே பாத்ரிஸ் எத் ஃபிலியி' என்பதை 'இன் நோமினே பாத்ரியா எத் ஃபிலியா' என்று இலக்கணம் சிதையச் சொல்லித் திருமுழுக்கு அளித்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மீண்டும் திருமுழுக்கு அளிக்க முற்பட்ட மறைபரப்பாளர் புனித போனிபாசுக்கு, திருத்தந்தை சக்கரியா 746-இல் எழுதிய கடிதம், தப்பறையை (தவறான கோட்பாட்டை) புகுத்தும் நோக்கமின்றி மொழி அறியாமையால் மட்டுமே நேர்ந்த பிழைக்காக அப்படிச் செய்யக் கூடாது என்று தடுத்தது. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார்: 'பாத்ரிஸ்' என்பதன் இறுதி சிதைந்தாலும் கேட்பவர் தந்தை என்றே புரிந்துகொள்வார், முதலெழுத்து மாறி 'மாத்ரிஸ்' என்றாகிவிட்டால் தாய் என்றல்லவா பொருள்படும்? சொற்றொடரின் பொருள் நிலைக்கிறதா என்பதே அளவுகோல்.

மறைக்கல்வி ஆசிரியர்களும் குருமாணவர்களும் இந்தக் குறிப்பைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். குழந்தையின் திருமுழுக்குக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அஞ்சும் பெற்றோருக்கு இதை மட்டும் தனியாகக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரியாவின் கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள். அதன் பிறகும் ஐயம் நீங்காவிட்டால், பங்குத்தந்தை தீர விசாரிப்பார்; தேவைப்பட்டால், திருச்சபைச் சட்டம் 869-இன்படி நிபந்தனையோடு ('நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறவில்லை என்றால்' என்று சொல்லி) திருமுழுக்கு அளிக்கவும் வழி உண்டு.