வாவிக்கரை மேசையில் போர்தோவின் இரு கரைகள்

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவருக்குக் கரை வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் எருமைப் பட்டியுமாக விரியும் நிலம் படுவான்கரை. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோவின் சிவப்பு வைன்களைப் புரிந்துகொள்ள இந்த அறிவு பெரிதும் உதவுகிறது. அங்கே கரோன், தோர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் கலந்து, ஜிரோந் என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலை அடைகின்றன. நீரோட்டத்தின் திசையைப் பார்த்து நின்றால், மேற்கே இருப்பது இடக்கரை, கிழக்கே இருப்பது வலக்கரை. திசைப்படி இடக்கரைதான் அவர்களின் படுவான்கரை. ஆனால் அந்தக் கரையின் மண் நம் படுவான்கரை மண்ணைப் போன்றதன்று. நீரைத் தேக்காத சரளைக்கல் அவர்களுக்கு மேற்கே இருக்கிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் களியும் சுண்ணக்கல்லும் கிழக்கே இருக்கின்றன.

சரளை பகலில் சூடேறி, அந்தச் சூட்டை வேர்ப்பக்கம் வைத்திருப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞ்ஞோன் என்னும் திராட்சை இடக்கரையில் கனிகிறது. அது முழுதாகக் கனியாத ஆண்டுகளில் வைனில் பச்சைக் கறிமிளகாயின் வாடை ஏறிவிடும். வலக்கரையின் களி குளிர்ச்சியானது. ஆகவே அங்கே முன்கூட்டியே பழுக்கும் மெர்லோ ஆட்சி செய்கிறது, அதற்குத் துணையாகக் கபெர்னே பிராங் கலக்கப்படுகிறது.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் இருவர் எனக்காக நான்கு போத்தல்களைக் கொண்டுவந்தனர். இடக்கரையிலிருந்து போயாக் 2014, மார்கோ 2015. வலக்கரையிலிருந்து சென்தெமிலியோன் 2014, பொமரோல் 2015. நான்கும் பட்டங்கள் எதுவுமில்லாத சிறு தோட்டங்களில் உருவானவை என்பதால், அவற்றை இங்கே ஊர்ப்பெயராலேயே குறிப்பிடுகிறேன். கரைக்கொன்றாக ஒரே ஆண்டின் இரு போத்தல்கள் அமைந்தது நல்வாய்ப்பு. 2014இல் ஆகஸ்ட் குளிர்ந்து போக, செப்டம்பரும் ஒக்டோபரும் வெயில் தந்தன. அந்தப் பிந்திய வெயில் தாமதமாகக் கனியும் கபெர்னேக்குக் கூடுதலாக உதவியது. 2015 தொடக்கத்திலிருந்தே வெப்பமான ஆண்டு.

சுவைத்தவர்கள் மூவர்: நான், பாசிக்குடாவில் உல்லாச விடுதியொன்றில் உணவு பரிமாறும் என் மைத்துனர், வைனை வாழ்நாளில் நான்கைந்து தடவை மட்டுமே குடித்திருக்கும் அயலவர். மூன்றாமவரை வேண்டுமென்றே சேர்த்தேன், ஏனெனில் அவருக்குப் பெயர்களின் மீது பயமில்லை. என் மனைவி போத்தல்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றி இலக்கமிட்டு வைத்தார். எந்த இலக்கம் எந்த ஊர் என்பது புள்ளிகளை எழுதி முடிக்கும்வரை அவருக்கு மட்டுமே தெரியும். 1976இல் பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் இவ்வாறு பெயரறியாமல் சுவைத்தபோதுதான், கலிபோர்னிய வைன் ஒன்று போர்தோவின் பெரும் பெயர்களை முந்தியது.

வெப்பநிலையைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள் என்ற அறிவுரை ஒருகாலத்தில் 17 பாகை செல்சியசைத் தாண்டாதிருந்த ஐரோப்பிய அறைகளுக்கு உரியது. ஆகஸ்ட் மாதத்துக் கல்லடியில் மேசைமேல் வைத்த போத்தல் 30 பாகைக்கு மேல் போய்விடும். அந்தச் சூட்டில் மதுசாரம் மூக்கில் குத்தும், பழவாசம் வெந்துபோனதுபோல் மணக்கும். நான் போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்து, வெளியே எடுத்த பின் வெப்பமானியால் பார்த்து, 17 பாகையில் ஊற்றினேன். நம் ஊரில் வைன் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் சூடான வைனைத்தான் குடித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

புள்ளியிடுவதற்கு ஐரோப்பாவின் பழைய 20 புள்ளி முறையைக் கையாண்டோம். 1982ஆம் ஆண்டு போர்தோ வைன்களை முதலிலேயே உயர்த்திப் பேசிப் புகழடைந்த அமெரிக்க விமர்சகர் ரொபேட் பார்க்கர் பரப்பிய 100 புள்ளி முறை இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் 91க்கும் 92க்கும் இடையிலான வேறுபாட்டை என் நாக்கு நேர்மையாகச் சொல்லாது.

உணவின்றிச் சுவைத்த முதற்சுற்றில் போயாக் 16.5 புள்ளிகளுடன் முன்னே நின்றது. அதன் வாசம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது: முதலில் நாவற்பழத் தோல், பின்னர் பென்சிலைச் சீவும்போது எழும் மரவாசம், இறுதியில் ஓக் பீப்பாய் விட்டுச்சென்ற கராம்பின் மெல்லிய சாயல். வாயில் வைத்ததும், சிவப்பு வைனுக்குத் துவர்ப்பைத் தரும் தனின் என்னும் பொருள் ஈறுகளைப் பிடித்துக்கொண்டது. பாலும் சீனியும் இல்லாத கடும் பிளேன்டியைக் குடித்தால் நாக்கு காய்ந்துபோகுமே, அதே உணர்வு. அயலவர் இதை "கயர்க்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்தார், அதைவிடத் துல்லியமான சொல்லை நானும் தேட மாட்டேன். மார்கோ 16 பெற்றது. மணம் மிக மென்மையானது, பூவை ஒத்தது, ஆனால் நடுவாயில் சற்று மெலிந்தது.

சென்தெமிலியோனுக்குக் கிடைத்தது 15.5. மெர்லோவின் பழச்சுவையைப் பிளம் பழத்துடன் ஒப்பிடுவது வழக்கம். நாம் கேக்குக்குப் போடும் முந்திரிகை வற்றலையும் பிளம்ஸ் என்றே அழைப்பதால், நம்மவர் இங்கே குழம்பக்கூடும். அங்கே சொல்லப்படுவது சதைப்பற்றுள்ள புதிய பழம். இந்த வைனில் அந்தச் சதைப்பற்று இருந்தது, துவர்ப்பு குறைவாக இருந்தது, விழுங்கிய பின் ஒரு புளிப்பு எஞ்சி நின்று அடுத்த மிடறை அழைத்தது. பொமரோல் 15: கொழுத்த, இனிய வாசமுள்ள, 14.5 சதவீத மதுசாரத்தால் தொண்டையைச் சுடும் வைன். அதன் விலை மற்ற மூன்றையும்விட அதிகம். பொமரோலுக்கு இன்றுவரை அதிகாரபூர்வத் தரப்பட்டியல் கிடையாது, ஆயினும் அந்தச் சிற்றூரின் பெயருக்கே விலை ஏறிவிடுகிறது. இடக்கரைக்கோ 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக வகுத்த ஐந்தடுக்குப் பட்டியல் இருக்கிறது. முதலடுக்குக்கு அதன்பின் உயர்ந்த ஒரே தோட்டம் மூத்தோன் ரொத்சில்ட், அதுவும் 1973இல்.

இரண்டாம் சுற்றுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வாவி நண்டுக் கறியும் சோறும் மேசைக்கு வந்தபோது, முதற்சுற்றின் வரிசை குலைந்தது. ஆட்டிறைச்சியின் கொழுப்பும் புரதமும் தனினைத் தம்முடன் கட்டிக்கொள்வதால் போயாக் முதல் வாயில் அழகாக இணங்கியது. ஆனால் மூன்றாம் வாயில் மிளகாய் ஏறியதும், உறைப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிட்டன. நண்டுடன் நிலைமை இன்னும் மோசமானது. கடலுணவின் எண்ணெயும் வைனிலுள்ள இரும்பும் சேரும்போது பிறக்கும் உலோகச் சுவை வாயெங்கும் பரவியது. உறைப்பு மதுசாரத்தின் எரிச்சலையும் கூட்டும் என்பதால், பொமரோல் பிரட்டலிடமே தோற்றுவிட்டது. 13.5 சதவீத மதுசாரமும் குறைந்த துவர்ப்பும் கொண்ட சென்தெமிலியோன் மட்டும் சோற்றோடும் பிரட்டலோடும் கடைசிவரை தாக்குப்பிடித்தது. நண்டோடு அதுவும் சிறக்கவில்லை. நண்டுக்குச் சிவப்பு வைனே வேண்டாம். அந்தச் சுற்றில் சென்தெமிலியோன் 17, மார்கோ 15.5, போயாக் 15, பொமரோல் 13.

2014இன் பிந்திய வெயில் கூடுதலாக உதவியிருந்தும் போயாக் மேசையில் பின்தங்கியதும், அந்த உதவி குறைவாக இருந்தும் சென்தெமிலியோன் முந்தியதும் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. வெறும் கிளாசில் இடப்படும் புள்ளி நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வழிகாட்டாது. ஆகவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இறைச்சிக் கறியோடு குடிக்க ஒரு போர்தோ வாங்குபவர் வலக்கரையையே, அதிலும் மதுசாரம் 13.5ஐத் தாண்டாத போத்தலையே தேட வேண்டும் என்பேன். பெயருக்காகப் பொமரோல் வாங்க வேண்டாம். ஆற்றோரத்து ஃபிரோன்சாக்கில் அதே மெர்லோ குறைந்த விலைக்குக் கிடைக்கும். போயாக்கை ஆண்டுக்கணக்கில் வைத்துத் துவர்ப்பு தணிந்த பின் திறப்பதே முறை. 12 பாகையில் வைக்க இடமில்லாத நம் வீடுகளில் அந்தக் காத்திருப்பு வைனைக் கெடுத்துவிடும்.

நான்கிலும் எஞ்சியதை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை உணவின்றி மீண்டும் சுவைத்தேன். பொமரோல் சோர்ந்திருந்தது, மார்கோவின் பூவாசம் போய்விட்டது, சென்தெமிலியோன் மாறவில்லை. ஓரிரவுக் காற்றுப் பட்ட போயாக்கில் துவர்ப்பு இளகி, முதல் நாள் ஒளிந்திருந்த பழம் முன்னே வந்திருந்தது. முதற்சுற்றுத் தாளில் அதன் 16.5ஐ வெட்டி 17.5 என்று எழுதினேன். இரண்டாம் சுற்றுத் தாளில் எதையும் மாற்றவில்லை.