டர்பன் உப்புக்காற்றில் ஒரு டிஜே பூத்: நான்கு ஆண்டுப் பயன்பாடு

பாட்டு ஓட்டும் சிடிஜே-2000 நெக்சஸ்2 பிளேயர் இரண்டு, நடுவில் டிஜேஎம்-900 நெக்சஸ்2 மிக்சர், ஒரு லேப்டாப், டிஜே தன் காதுக்கு வைத்துக்கொள்ளும் ஸ்பீக்கரான பூத் மானிட்டர் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி மண்டபங்களில் கல்யாண வரவேற்புகளுக்கு ஓடும் செட். பிளேயரும் மிக்சரும் 2016 மாடல்தான். இன்றும் குறை சொல்ல முடியாது. பாடாய்ப் படுத்துவதெல்லாம் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்.

முதலில் பிளக். இரண்டு முள் பிளக்கை அடாப்டரில் சொருகி, அந்த அடாப்டரை இங்குள்ள மூன்று உருண்டை முள் சாக்கெட்டில் சொருகினால், பேஸ் ஒலியில் அதிர அதிரப் பிடி தளரும். கரண்ட் ஒரு நொடி விட்டால் பிளேயர் அணைந்து முதலிலிருந்து எழும்; பாட்டு பாதியில் போய்விடும். உள்ளூர் பிளக்கோடு வரும் பவர் கார்டுகளை வாங்கிவிடுங்கள். பெட்டி நிறைய அடாப்டர் சுமப்பதைவிட மலிவு.

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்தால் ஒரு தவணை 2 மணி நேரம். ஸ்பீக்கர் நீங்கலாக பூத்துக்கு 200 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பு போக இரண்டரை மணி நேரம் தாங்கும். சீரான அலை தரும் பியூர் சைன் இன்வெர்ட்டரே வேண்டும். மலிவு ரகத்தில் ஸ்பீக்கர் ரீங்காரமிடும். ஸ்பீக்கரை ஜெனரேட்டருக்கு விட்டுவிடுங்கள், பூத்தை அதில் மாட்டாதீர்கள்: அது கிளம்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும்.

கடற்கரை ஓர மண்டபமென்றால் ஆர்சிஏ ஆடியோ கேபிள் முனைகள் கறுத்து, ஒரு பக்கச் சத்தம் கரகரக்கும், பிறகு காணாமல் போகும். கான்டாக்ட் கிளீனர் போதும். எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைக்கும். ஏசி வண்டியிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போடாதீர்கள், உள்ளே வியர்த்திருக்கும். அரை மணி காயட்டும்.

மானிட்டரைக் காது உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பதினைந்து மீட்டர் தள்ளியுள்ள பெரிய ஸ்பீக்கரின் சத்தம் 44 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வரும். அதைக் கேட்டு இரண்டு பாட்டின் பீட்டைச் சேர்த்தால் டிரம் இரட்டையாக விழும்.

அமாபியானோ என்ற தென்னாப்பிரிக்க நடன இசை 112 பிபிஎம் (நிமிடத்துக்கு 112 பீட்) பக்கம் நேராக ஓடும், பீட்டைத் தானே பொருத்தும் சிங்க் பிடித்துக்கொள்ளும். பழைய தமிழ்ப் பாட்டுகள் அப்படியல்ல. தாளம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் வாசித்த தபேலா சரணத்தில் நகர்ந்துவிடும். பாட்டுகளைத் தயார்செய்யும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில், வேக மாற்றத்தைப் பின்தொடரும் டைனமிக் முறையில் அலசவிட்டு, சரணத்தின் தொடக்கத்தைக் கையால் சரிபாருங்கள். மேடையில் சிங்கை அணைத்துவிடுவதே நல்லது.

பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டிலேயே இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் போட்டதை இந்த பிளேயர் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் எஃப்ஏடி32 காட்டாது. 64 ஜிபி வாங்கினால் தனி மென்பொருள் தேடவேண்டியிருக்கலாம். பாட்டு நகலெடுத்த இரண்டாவது பென்டிரைவ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும், லேப்டாப் பையில் அல்ல.