அறுபதாயிரத்துக்குள் கேமிங் பிசி: ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600 ஜோடி எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டரில் விளையாட, அறுபதாயிரம் ரூபாய்க்குள், எல்லாம் புதுப் பொருளாக பில்லோடு வேண்டும் என்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் தாராளமாக வாங்கலாம். அக்கா பையனுக்காக 2025 நடுவில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிப் பூட்டிய பிசி இது. அவன் விளையாடுகிறான், நான் அவ்வப்போது போய் டெஸ்ட் பண்ணுகிறேன் என்ற சாக்கில் விளையாடுகிறேன், அக்கா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறாள். பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), முன்பக்கம் வலை வைத்த கேபினெட். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் இருந்ததால் அந்தச் செலவு இதில் வராது.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போனது. போகத்தான் வேண்டும். கடையில் போய் "கேமிங் பிசி" என்றால் முதலில் ப்ராசஸர் பெயரைத்தான் சொல்வார்கள், ஐ5 போடலாமா ஐ7 போடலாமா என்று, ஆனால் இந்த பட்ஜெட்டில் கேம் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது கார்டுதான். ஆர்எக்ஸ் 6600 வந்தது 2021 அக்டோபரில். பழசுதான். ஆனால் 8 ஜிபி மெமரி, 132 வாட் மின்சாரம், ஒரே ஒரு 8 பின் கனெக்டர், சின்ன கேபினெட்டிலும் உட்காரும். வேலோரன்ட் 200 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) மேல் அலட்டிக்கொள்ளாமல் போகிறது. ஜிடிஏ 5 நூறைத் தாண்டுகிறது. எல்டன் ரிங் எப்படியும் 60க்கு மேல் போகாத கேம், அந்த 60ஐ விடாமல் பிடிக்கிறது. சைபர்பங்க்கில் ஹை செட்டிங்ஸில் 60ஐ ஒட்டி நிற்கும், ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங்கைப் போட்டால் படுத்துவிடும், போடாதீர்கள்.

ரே டிரேசிங் பற்றி இன்னொரு விஷயம். இப்போது வரும் சில கேம்களில் அது விருப்பம் இல்லை, கட்டாயம். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் ஹார்ட்வேர் இல்லாத கார்டில் ஓடாது. இரண்டிலும் ஏஎம்டி தரப்பில் குறைந்தபட்சக் கார்டாகக் குறிப்பிட்டிருப்பது இந்த 6600ஐத்தான். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் நல்ல விலைக்கு வருகிறதே என்று பையன் கேட்டபோது வேண்டாம் என்றேன். வேகம் போதும், ஆனால் ரே டிரேசிங் ஹார்ட்வேர் அதில் இல்லை, கதவு மூட ஆரம்பித்துவிட்டது.

இதே விலைக்குக் கீழே சில கார்டுகளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பெயரில் 6600க்குத் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே 4 ஜிபிதான், கார்டு போர்டோடு பேசும் பாதையான பிசிஐ லேன் நாலுதான், பழைய பிசிஐ 3.0 போர்டில் போட்டால் கழுத்தை நெரித்த மாதிரி ஆகிவிடும், ஸ்ட்ரீம் பண்ண வீடியோ என்கோடர்கூடக் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 3050 கேட்டால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். 2024இல் வந்த 6 ஜிபி மாடலில் மெமரி மட்டும் குறையவில்லை, கோர் எண்ணிக்கையும் குறைவு, மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 ஆகிவிட்டது. பெட்டியில் பெயர் மட்டும் அதே 3050. அதன் ஒரே நல்ல குணம் 70 வாட்டில் ஓடும், தனி பவர் கேபிள் வேண்டாம். ஆபீஸில் கழித்துப் போட்ட டெல், எச்பி பிசியில் செருகுவதற்கு அது சரி. புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு எதற்கு?

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580ஐயும் பார்த்து வாங்குங்கள். அதில் 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, உண்மையில் அது ஆர்எக்ஸ் 570தான், அசல் 580இல் 2304 ஷேடர்கள். இதற்கும் கீழே இறங்கினால் போலிகள். பழைய ஜிடிஎஸ் 450 கார்டில் பயாஸ் என்ற உள் மென்பொருளை மாற்றி ஏற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பார்கள், விண்டோஸும் அப்பாவியாக அதே பெயரைக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், போலியாக இருந்தால் பெயருக்கு முன்னாலேயே அது ஃபேக் என்று போட்டுக் காட்டிவிடும்.

6600இல் என் மனக்குறை ஒன்றுதான். ஏஎம்டி புது வசதிகளை எல்லாம் புது கார்டுகளுக்கே தருகிறது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் எஃப்எஸ்ஆர் 4 அதிகாரபூர்வமாக 9000 வரிசைக்குத்தான் வந்தது. 2025 கடைசியில் 6600 அடங்கிய 6000 வரிசையை டிரைவர் விஷயத்தில் ஓரமாக ஒதுக்குகிற மாதிரி அறிவிப்பு வந்து, ஆட்கள் சத்தம் போட்ட பிறகு, கேம் சப்போர்ட் தொடரும் என்று விளக்கம் கொடுத்தார்கள். வாங்கி நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் இதையும் கணக்கில் வைக்கவேண்டும். அப்படியானால் இன்டெல் ஆர்க் பி580 வாங்கலாமே, 12 ஜிபி இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கார்டுதான். ஆனால் ப்ராசஸருக்கு அதிக வேலை வைக்கும் கார்டு அது, 5600 போன்ற ப்ராசஸரோடு போட்டால் பல கேம்களில் கொடுத்த காசுக்கு உண்டான வேகம் வராது.

ப்ராசஸர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. 5600ஜி-யை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும், ஆனால் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான மெமரி) பாதி, 16 எம்பிதான், பிசிஐயும் 3.0தான். தனி கார்டு இப்போதைக்கு வாங்கவே முடியாது என்பவருக்கு அது, கார்டு வாங்குபவருக்கு சாதா 5600. இன்டெல்லில் ஐ5 12400எஃப் கிட்டத்தட்ட சமம், போர்டோடு சேர்த்து அன்றைக்கு எது விலை குறைவோ அதை எடுங்கள். இரண்டு ப்ராசஸரும் உட்காரும் சாக்கெட்டுகள் கதை முடிந்தவைதான், நாளைக்கு அப்கிரேட் என்று ஆசை காட்டினால் நம்பவேண்டாம். போர்டும் அப்படியே, கிடைக்கிற பி450 அல்லது பி550. பழைய ஸ்டாக் பி450 என்றால் பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் 5600ஐப் போட்டதும் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும்.

ரேம் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கினோம். ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் அளவு அதேதான், ஆனால் சேனல் ஒன்றுதான் வேலை செய்யும், கேமில் அது தெரியும். போர்டில் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகி, பயாஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவேண்டும். 3200 என்று பெட்டியில் போட்டதை வாங்கிவிட்டு, இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் 2133இலோ 2400இலோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

நாங்கள் வாங்கும்போது ரேம் பெரிய செலவே இல்லை. இப்போது அந்த விலையைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் அந்த டிசம்பரில் க்ரூஷியல் பிராண்டு சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. அதனால் இன்றைக்கு இதே பிசியைப் பூட்டினால் அறுபதாயிரத்துக்குள் முடியுமா என்று ரேம் விலையைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லமுடியும். வீட்டில் பழைய பிசியில் டிடிஆர்4 ரேம் கிடந்தால் எடுத்து வையுங்கள், அதுவே இப்போது பெரிய மிச்சம்.

சரி, எஸ்எம்பிஎஸ். இங்கேதான் எல்லாக் கடையிலும் கை வைப்பார்கள். எங்களுக்குக் கொட்டேஷனில் எழுதிக் கொடுத்தது 550 வாட், 80 ப்ளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று). அசெம்பிள் செய்யும் டேபிளில் போய்ப் பார்த்தால் கேபினெட்டோடு வரும் டப்பா ஒன்றைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதற்கு "சார், ரெண்டும் அதே வாட்ஸ்தான், நாங்க எல்லாருக்கும் இதான் போடுறோம்" என்று பதில். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துக் காட்டினேன். பெரிய எழுத்தில் 500 வாட். கீழே சின்ன அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள், 216 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான், இவை இரண்டும் சேர்ந்தாலே 200 வாட்டைத் தொடும். நல்ல 550 வாட் யூனிட்டில் அந்த இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும். கையில் தூக்கினாலே கனம் தெரியும். அந்த டப்பாவில் கார்டுக்கான 8 பின் கேபிளே இல்லை, மோலக்ஸ் என்ற பழைய கனெக்டரிலிருந்து மாற்றும் அடாப்டர் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். பிறகு முகம் சுளித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். "மாமா, நீங்க ஏன் எல்லா இடத்துலயும் சண்ட போடுறீங்க" என்றான் பையன். கார்டு புகையும்போது தெரியும்டா.

நம் ஊரில் கரண்ட் போவதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். கேம் ஓடும்போது பிசி மொத்தமாக 230 வாட்டை ஒட்டி இழுக்கிறது. 600 விஏ யூபிஎஸ் 360 வாட் தாங்கும், மானிட்டரோடு சேர்த்தாலும் இடமிருக்கிறது, சேவ் செய்து ஆஃப் பண்ணும் அளவுக்கு நேரம் கிடைக்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மட்டும் மாட்டாதீர்கள், இப்போதைய எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துவராது. கரண்ட் பில் பயம் உள்ள அக்காக்களுக்கு: நாலு மணி நேர விளையாட்டு ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் ஆடினால் இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே ஐந்நூறு யூனிட்டை நெருங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை, அதைத் தாண்டினால் ஸ்லாப் மாறிக் கணக்கே வேறு.

கேபினெட்டில் பையனுக்கும் எனக்கும் பஞ்சாயத்து. அவனுக்கு முன்னால் கண்ணாடி, உள்ளே நாலு கலர் ஃபேன். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில் காற்று கண்ணாடி வழியாக எப்படி உள்ளே வரும்? கடைசியில் முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி என்று சமாதானம் ஆனது. வலையில் தூசி சேரும். மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

ரிச்சி ஸ்ட்ரீட் பற்றி: போகத்தான் வேண்டுமா, ஆன்லைனில் வாங்கினால் என்ன என்பவர்களுக்கு, போகலாம். விலையைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். நாலைந்து கடையில் கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள், "550 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று எழுதினால் போதாது, கம்பெனி, மாடல் இரண்டும் வேண்டும். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும், ஆனால் இரண்டாம் வருடம் கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

ரீல்ஸில் வரும் "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு, இருபதாயிரம்" வகையறாவுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஐ7 பெரும்பாலும் 2600, 3770, 4770, அதாவது 2011இலிருந்து 2013க்குள் வந்தவை. 4 ஜிபி கார்டு என்பது ஜிடி 730. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல்லை அதிகாரபூர்வமாக ஏற்காது. அந்த இருபதாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 5600ஜி போட்டு, கார்டைப் பிறகு வாங்குவது எவ்வளவோ மேல்.

பூட்டி முடித்த பிறகு பலர் மறப்பது மூன்று. எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் அல்ல, கார்டில் செருகவேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும், பல நேரம் 60லேயே நிற்கும். விண்டோஸ் 11இல் வேலோரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் ஆன் ஆகியிருக்கவேண்டும். கூலரைக் கழற்றும்போது நேரே மேலே இழுக்காதீர்கள், பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் பின்களோடு கூடவே வந்துவிடும், லேசாகத் திருப்பிவிட்டு எடுங்கள்.

1080பியைவிடத் தெளிவு கூடிய 1440பி மானிட்டர் வைத்திருப்பவர்கள், ரே டிரேசிங்கோடுதான் ஆடுவேன் என்பவர்கள் இந்த ஜோடியை வாங்கவேண்டாம், இன்னும் சில மாதம் காசு சேர்த்துவிட்டு வாருங்கள். மற்றபடி 1080பிக்கு எனக்கு முழு திருப்தி. 1 டிபி மட்டும் போதவில்லை, பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தொடுகின்றன. ஆனால் பி450 போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ ஸ்லாட் ஒன்றுதான், எங்களுடையதும் அப்படி, அதனால் அடுத்து வாங்கப்போவது கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி. ரேம் ஏறியதோடு எஸ்எஸ்டி விலையும் ஏறிக்கொண்டிருப்பதால் பையன் இப்போதைக்குப் பழைய கேமை அழித்துவிட்டுத்தான் புது கேமை ஏற்றுகிறான்.