அரைமுகமா, முழுமுகமா? ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்த ஹெல்மெட்

ஏழு வருஷம் வாயும் நாடியும் திறந்திருக்கிற அரைமுக ஹெல்மெட்தான் போட்டேன். போன வைகாசியில் நாடியையும் மூடுகிற முழுமுகத்துக்கு மாறினேன். மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரைக்கும் போய், மண்முனைப் பாலத்தால் அந்தப் பக்கம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் போய்வருகிறவள் நான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் காத்தான்குடிச் சந்தடி, மேற்கே படுவான்கரையில் வயல், மாடு, பின்லைட் இல்லாத உழவு மெசின். இந்த இரண்டு வகை ரோட்டிலும் இரண்டு ஹெல்மெட்டையும் போட்டு ஓடியிருக்கிறேன். கூடப் படிப்பிக்கிற பிள்ளைகள் எது வாங்கலாம் என்று கேட்டபடியே இருப்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஹெல்மெட் வேண்டுமா வேண்டாமா என்பதில் பேச ஒன்றுமில்லை. ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருக்கிறவருக்கும் அது சட்டம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, ஹெல்மெட் போட்டால் மரண ஆபத்து 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து 69 சதவீதமும் குறைகிறது என்கிறது. ஆனால் எந்த வகை ஹெல்மெட் கூட நல்லது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே மீளாய்வு சொல்கிறது. அதனால் இனி நான் சொல்வதில் பாதி என் அனுபவம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரைமுகத்தின் நன்மை எல்லாருக்கும் தெரியும். காற்று வரும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் மாட்டலாம், வங்கிக்குள் போகும்போது ஒரு கையால் எடுத்துவிடலாம், விலையும் குறைவு. என் ஸ்கூட்டியில் சீட்டுக்குக் கீழே அரைமுகம் அடங்கும், முழுமுகம் அடங்காது, கையில் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். இது சின்னக் கரைச்சல் இல்லை.

முழுமுகம் நாடியையும் பல்லையும் காக்கும். இதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். மாசி மாசம், அறுவடைக் காலம், ரோட்டோரத்தில் நெல் காயப் போட்டிருந்த ஒரு வளைவில் முன்சில்லு நெல்லில் ஏறி வழுக்கியது. வேகம் இருபத்தைந்துகூட இராது. முழங்கையில் தோல் போனது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் நாடிக்கு நேரே ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு தேய்வு, அதற்குள் தார்க் கல் இரண்டு மூன்று புதைந்து கிடந்தது. அரைமுகமாக இருந்தால் அந்த இடத்தில் என் நாடி இருந்திருக்கும். அந்த ஹெல்மெட்டை நான் திரும்பப் போடவில்லை. ஓட்டுக்கு உள்ளே இருக்கிற ரெஜிபோம் மாதிரியான நுரை ஒரு அடிக்குத்தான், நசிந்து அடியை வாங்கினால் பழையபடி எழும்பாது, வெளியில் பார்த்தால் தெரியவும் தெரியாது.

பக்கம் தெரியாது என்று முழுமுகத்தைப் பற்றிச் சொல்வார்கள். டொட் (DOT) என்கிற அமெரிக்க ஹெல்மெட் தரத்தில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 105 பாகை தெரிய வேண்டும் என்று விதியே இருக்கிறது. எனக்கு முதல் ஒரு கிழமை அடைத்த மாதிரித்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கேட்பது கொஞ்சம் குறைகிறது, அது உண்மை.

இத்தனைக்குப் பிறகும் பலர் முழுமுகத்தை வாங்கி மூன்று மாசத்தில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். காரணம் சூடு என்கிறார்கள். நான் பார்த்த அளவில் சூட்டைவிடப் பராமரிப்புத்தான் காரணம், என் முடிவும் அதிலேதான் நின்றது.

முதலில் உள்துணி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது பத்து நிமிஷத்தில் உள்ளே நனைந்துவிடும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து இரண்டு கிழமையில் மணக்கத் தொடங்கும். அரைமுகத்தில் அந்த மணம் காற்றோடு போய்விடும், முழுமுகத்தில் மூக்குக்கு முன்னாலேயே நிற்கும். மணத்தால் மனம் வராமல் சந்திக் கடைக்குத்தானே என்று வெறும் தலையோடு போகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே உள்துணியும் கன்னத்துப் பஞ்சும் கழற்றக்கூடியதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் அமுக்குப் பொத்தான், கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைப் பிள்ளைகளின் ஷாம்பு போட்டுப் பச்சைத்தண்ணியில் அலசி நிழலில் காயப்போடுவேன். ஒட்டிவைத்த துணி என்றால் கழுவவே ஏலாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது கண்ணாடி. பின்னேரம் ஆறு மணிக்கு வயலோரமாக வந்தால் பூச்சி மழை மாதிரி வந்து அடிக்கும். அரைமுகத்தில் கண்ணாடி பாதியோடு நின்றுவிடும், கீழால் ஒரு பூச்சி ஏறி என் கண்ணுக்குள் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டியை ஓரங்கட்டிய நாள் இருக்கிறது. முழுமுகத்தில் அது இல்லை. ஆனால் அந்தப் பூச்சியை எப்படித் துடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் மணல். சாரித் தலைப்பால் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்தால் மணல் கீறிவிடும். பகலில் அந்தக் கீறல் தெரியாது. இரவில் கல்லடிப் பாலத்தில் எதிரே பஸ் வரும்போது அதன் லைட் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரியும், அந்த இரண்டு நொடி முன்னால் சைக்கிள் போகிறதா இல்லையா என்றே தெரியாது. கண்ணாடி அப்படிக் கீறிய முழுமுகத்தைவிடக் கண்ணாடி நல்லாயிருக்கிற அரைமுகம் மேல் என்றே சொல்வேன். நான் செய்வது, நனைந்த துணியைக் கண்ணாடி மேல் ஐந்து நிமிஷம் போட்டுவைத்து, பூச்சி ஊறிய பிறகு தண்ணி ஊற்றி விரலால் தள்ளுவது. மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கிட்ட வரக்கூடாது, அந்த பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். மாரியில் மூச்சு பட்டுப் புகைபோட்டால் கண்ணாடியை ஒரு பல்லு மட்டும் திறந்துவிட்டு ஓடுகிறேன். கறுப்புக் கண்ணாடி இரவுக்கு ஆகாது.

எவ்வளவு பார்த்தாலும் கண்ணாடி ஒருநாள் கீறும். அதனால் ஹெல்மெட் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குத் தனிக் கண்ணாடி இருக்கிறதா என்பது. நகரில் ஒரு கடையில் கேட்டேன், "கண்ணாடி போனா புதுசு எடுங்க தங்கச்சி" என்றார். அங்கே வாங்கவில்லை.

வாய்ப்பக்கம் மேலே தூக்குகிற வகையை மச்சானிடம் வாங்கிப் பத்து நாள் போட்டேன். கடையில் பேசி வாங்க வசதி, பாரம் கூட. பத்து நாளை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். ஐரோப்பியத் தர முத்திரை உள்ளதை வாங்கினால் லேபலைப் பாருங்கள், 'பி' (P) என்றால் நாடிப்பகுதி காப்புச் சோதனையில் தேறியது, 'ஜே' (J) என்றால் திறந்த முகம், 'என்பி' (NP) என்றால் நாடிப்பகுதி இருந்தாலும் அது காப்பு இல்லை. இங்கே விற்பதில் எஸ்எல்எஸ் (SLS) என்கிற இலங்கைத் தர முத்திரை இல்லாமல் எடுக்க வேண்டாம்.

முழுமுகம் போட்டால் பொலிஸ் பிடிக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். 2015இல் முழுமுக ஹெல்மெட்டைத் தடைசெய்யப் பார்த்தது உண்மை, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைக்கால உத்தரவால் நிறுத்தியது. என்னை இதுவரை யாரும் மறித்ததில்லை.

அளவு பார்க்கும்போது நாடிப்பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தால் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவில்லை. தலை மூடுகிற சகோதரிகள் வழக்கமாக உள்ளே கட்டுகிற துணியோடேயே அளவு பார்க்க வேண்டும், என்னோடு படிப்பிக்கிற ஒருவர் துணியில்லாமல் அளந்து வாங்கி இறுகித் தலையிடியோடு திரிந்தார்.

ஏழு வருஷப் பழைய அரைமுகத்தின் பட்டியை வெட்டிவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுத்தேன், யாராவது எடுத்துத் தலையில் போடக்கூடாது என்று. மாசியில் விழுந்த பிறகு வாங்கிய ஹெல்மெட்டுக்கு மேலதிகமாக ஒரு கண்ணாடியும் சேர்த்து எடுத்தேன். அது இன்னும் உறை பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது.