வாராவாரம் அழைப்பா, வருடத்துக்கு இரண்டு அழைப்பா?

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் ஊழியத்துக்கு, அதாவது வெளியூர் போய் மதத்தைப் பரப்பும் பணிக்கு, போகும் இளைஞர்கள் பொதுவாக 2 வருடமும், பெண்கள் 18 மாதமும் வீட்டைப் பிரிந்திருப்பார்கள். நடுவில் லீவு கிடையாது. 2019 பிப்ரவரி வரை வீட்டுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்தான். குரல் கேட்க வேண்டுமென்றால் கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் வர வேண்டும். அதன்பின் வாராந்திர ஆயத்த நாளில், அதாவது சொந்த வேலைகளுக்கு ஒதுக்கிய நாளில், வீடியோவிலும் பேசலாம் என்றானது.

பழைய முறையில் மின்னஞ்சலுக்குக் கனம் இருந்தது. கதவைச் சாத்தியவர்கள், சாப்பாடு போட்டவர்கள், புது மொழியில் தடுமாறியது எல்லாவற்றையும் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதினார்கள். குடும்பத்துக்கு அது ஆவணமாக நின்றது. இப்போது பலர் பேசிவிட்டோமே என்று எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். அது இழப்புதான்.

ஆனாலும் என் ஓட்டு வாராந்திர அழைப்புக்கே. பிரேசிலில் ஊர் நினைப்பில் சோர்ந்திருக்கும் 18 வயதுப் பையனின் முகத்தைப் பார்த்தாலே அம்மாவுக்குப் புரிந்துவிடும். மின்னஞ்சலில் அவன் "நல்லா இருக்கேன்" என்றுதான் எழுதுவான். ஒரு சிக்கல்: துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டுவது எல்லாம் அதே நாளில்தான். ஜோடியாக அனுப்பப்படும் கூட்டாளி ஊழியரும் பக்கத்திலேயே இருப்பார், மனம்விட்டு அழ முடியாது.

திரும்பி வரும் நாளின் பரவசம் குறைந்துவிடும் என்ற பயம் வீண். சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் இன்றும் பேனரும் பலூனுமாகக் குடும்பங்கள் திரள்கின்றன. வாராவாரம் திரையில் பார்த்த தாயும் ஓடிப்போய்த்தான் கட்டிப்பிடிக்கிறாள்.